1943 லாங் பிராஞ்ச் த்ரீ நாட் த்ரீ: வெட்டின கட்டையை மாத்தலாமா, விடலாமா

கனடாவுல சட்பரி பக்கத்துல ஒரு வீட்டு பேஸ்மென்ட்ல இருந்து என் கைக்கு வந்த ஒரு பழைய ராணுவ ரைஃபிளை பத்தி முழுசா எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன். ஒரே ஒரு துப்பாக்கிதான், ஆனா அதை என்ன பண்றதுன்னு முடிவெடுக்க ஒன்றரை வருஷம் ஆச்சு, நடுவுல ஒரு நல்ல கட்டையை (துப்பாக்கி இரும்பு உக்கார்ற மரத்தை) நானே விரிசல் விட வச்சேன், காரணத்தையும் தப்பா கண்டுபிடிச்சு கொஞ்ச மாசம் அதையே நம்பிட்டு இருந்தேன். மில்சர்ப், அதாவது ராணுவம் கழிச்சுவிட்ட பழைய துப்பாக்கி, சேர்க்க ஆரம்பிக்கிற எல்லாரும் முதல்ல கேக்குற கேள்வி, ராணுவத்துல இருந்து வந்தபடியே வச்சிருக்கணுமா இல்ல நம்ம வசதிக்கு மாத்திக்கலாமான்னுதான். அதுக்கு பொதுவா பதில் சொல்ல எனக்கு வராது. இந்த ஒரு ரைஃபிள்ல என்ன நடந்துச்சுன்னு சொல்றேன்.

ரைஃபிள் லீ-என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1 ஸ்டார். நம்ம ஊர்ல போலீஸ் ஸ்டேஷன் வாசல்லயும் கருவூலத்து வாசல்லயும் பாரா நிக்கிறவர் கையில பார்த்திருப்பீங்களே த்ரீ நாட் த்ரீ, அதே குடும்பம், அதே .303 தோட்டா. உத்தரப்பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்துலதான் அதுக்கு விடை கொடுத்தாங்க. இந்தியாவுல .303 தடை செஞ்ச போர் அளவு, அதனால அங்க சாதாரண ஆள் லைசென்ஸ்ல வாங்க வழியில்ல, கனடாவுல பிஏஎல் லைசென்ஸ் இருந்தா போதும், வேட்டை துப்பாக்கி கணக்குலயே வரும். நான் திருச்சியில காலேஜ் படிக்கும்போது என்சிசில ஒரு .22 ரைஃபிள் சுட்டிருக்கேன், நம்பர் 2 மார்க் 4னு மனப்பாடம் பண்ண வச்சாங்க, அதுவே பழைய த்ரீ நாட் த்ரீயை சின்ன தோட்டாவுக்கு மாத்தின சாமான்னு இருபது வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சுது. அப்போ நான் முதல்முதலா தொட்ட லீ-என்ஃபீல்டே மாத்தினதுதான். வங்காளத்துல இஷாபூர் ஃபேக்டரியில அந்த பழைய த்ரீ நாட் த்ரீயை .410 மஸ்கெட்டா, உள்ள வரி இல்லாத வழவழ பேரலோட மாத்தி காவல் வேலைக்கு கொடுத்திருக்காங்க. ராணுவமே தேவைப்பட்டப்போ எல்லாம் இதுல கை வச்சிருக்கு, இங்கிலாந்துல எஃப்டிஆர்னு முத்திரை குத்தி முழு ரிப்பேர் பண்ணி திருப்பி அனுப்பினது ஏகப்பட்டது. அதனால கை படாத ரைஃபிள்னு ஒண்ணை தேடுறவங்க கொஞ்சம் ஏமாறத்தான் செய்வாங்க.

என்னோடது லாங் பிராஞ்ச்ல செஞ்சது, 1943. லாங் பிராஞ்ச்னா டொராண்டோவுக்கு மேற்கால, ஏரிக்கரை ஓரமா, ஃபேக்டரி இருந்த இடம் இப்போ மிசிசாகாவுக்குள்ள வருது. 1940ல ஸ்மால் ஆர்ம்ஸ் லிமிடெட்னு அரசாங்க கம்பெனி ஆரம்பிச்சு 1941ல இருந்து நம்பர் 4 செய்ய ஆரம்பிச்சாங்க, மொத்தம் 9 லட்சத்துக்கு மேல செஞ்சாங்க, வேலை பார்த்தவங்கள்ல பெரும்பாலும் பெண்கள். ஃபேக்டரி போயிடுச்சு, ஆனா இன்ஸ்பெக்‌ஷன் பில்டிங் மட்டும் இன்னும் நிக்குது, இப்போ அதுல கலை நிகழ்ச்சி எல்லாம் நடக்குது. எங்க வீட்டுல இருந்து கார்ல போயிடலாம். அந்த கட்டடத்து பக்கம் போகும்போதெல்லாம் இது இங்கதான் பொறந்துச்சுன்னு ஒரு நினைப்பு வரும்.

யுத்தம் முடிஞ்சதும் இந்த ரைஃபிள்கள் மலை மலையா தேங்கிடுச்சு. புது வேட்டை ரைஃபிள் வாங்க காசில்லாத விவசாயிக்கும் மரம் வெட்டுறவங்களுக்கும் சர்ப்ளஸ் த்ரீ நாட் த்ரீ கொஞ்ச டாலர்ல கிடைச்சுது. நாலு கிலோவுக்கு மேல கனம், மூக்கு வரைக்கும் மரம், மூஸ்னு சொல்ற பெரிய மான் வேட்டைக்கு காட்டுல நாள் முழுக்க தூக்கிட்டு நடக்க முடியாது. அதனால முன் கட்டையை பாதியில அறுத்து, மேல இருக்கிற ஹேண்ட்கார்டை தூக்கிப் போட்டு, நுனியை உருட்டி விட்டாங்க. இதுக்குப் பேர்தான் ஸ்போர்ட்டர். பர்மிங்காம்ல பார்க்கர்-ஹேல் மாதிரி கம்பெனிங்க அழகா பாலிஷ் போட்டு செஞ்சு வித்தாங்க, மத்தவங்க கராஜ்ல ரம்பத்தால அறுத்துக்கிட்டாங்க. இன்னைக்கு கலெக்டர்ங்க இதை பார்த்தா ‘பபா’ பண்ணிட்டான், அதாவது கெடுத்துட்டான்னு தலையில அடிச்சுப்பாங்க. அன்னைக்கு அறுத்தவரு எதையும் கெடுக்கல, குளிர்காலத்துக்கு இறைச்சி வேணும்னு தன் கையில இருந்த சாமானை சரி பண்ணிக்கிட்டாரு. இதை நான் முழுசா நம்புறேன்.

கைக்கு வந்தது எப்படின்னா, வேட்டைக்காரர் ஒருத்தர் தவறிப் போயிட்டாரு, அவர் மனைவிக்கு எண்பதை தாண்டின வயசு, வீட்டை காலி பண்றாங்க. ரேஞ்சுல பழக்கமான ஒரு பெரியவர் மூலமா சொல்லி அனுப்பினாங்க. லைசென்ஸ் சரி பார்த்து ரெஃபரன்ஸ் நம்பர் வாங்குற வேலை எல்லாம் முடிச்சு, ட்ரிகர் லாக் போட்டு எடுத்துட்டு வந்தேன். வாங்கும்போதே பார்த்தேன், முன் கட்டை, பேரலோட சேர்த்துப் பிடிக்கிற நடு பேண்டுக்கு கிட்டயே அறுத்திருந்துச்சு, நுனியை கத்தியால செதுக்கி, கண்ணாடித் துண்டால சுரண்டி வழவழன்னு பண்ணியிருந்தாரு. பின் கட்டையோட கீழ்ப்பக்கம் பதினொரு சின்ன கோடு. மூஸ் ஒண்ணுக்கு ஒரு கோடுன்னு அந்தம்மா சொன்னாங்க. பித்தளை பட் பிளேட்டுல சின்ன மூடி, அதை நெம்பித் திறந்தா உள்ள ஒரு எண்ணெய் பாட்டிலும், பேரலை சுத்தம் பண்ண இழுக்கிற கயிறான புல்த்ரூவும், எண்ணெய் காஞ்சு விறைச்சுப் போன சிந்தித் துணியும். புல்த்ரூ, சிந்தி ரெண்டும் என்சிசில கேட்ட வார்த்தைங்க, சட்பரி பக்கம் ஒரு பேஸ்மென்ட்ல அதை திரும்ப கையில எடுத்தப்போ ஒரு நிமிஷம் பேச்சே வரல.

வீட்டுக்கு வந்து பிரிச்சேன். முதல்ல பார்க்க வேண்டியது ரிசீவர்ல, அதாவது போல்ட் ஓடுற இரும்பு உடம்புல, துளை இருக்கான்னு. ஸ்கோப் மாட்ட ட்ரில் பண்ணி மரை போட்டிருந்தா கதை அங்கயே முடிஞ்சுது, அந்த ஓட்டையை வெல்டிங் வச்சு அடைக்கலாம்னு சிலபேர் சொல்வாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க, ரிசீவர் ஸ்டீலுக்கு கொடுத்திருக்கிற பதம் அந்த சூட்டுல போயிடும், முகத்துக்கு ஒரு ஜாண் தூரத்துல வெடிக்கிற சாமான் அது. என்னோடதுல துளை இல்ல. பேரல் முழு நீளம், 25.2 இன்ச், அறுக்கல. பேரல் உள்ள வெளிச்சத்துல பார்த்தா ரெண்டே ரெண்டு வரி, யுத்த அவசரத்துல அஞ்சு வரி போடுறதுக்கு பதிலா ரெண்டு வரி போட்டு வேகமா செஞ்ச பேரல், ஆனா கண்ணாடி மாதிரி இருந்துச்சு. போல்ட் கைப்பிடி பின்னால இருக்கிற நம்பரும் ரிசீவர் நம்பரும் ஒண்ணு, நடுவுல எல் எழுத்து வர்ற லாங் பிராஞ்ச் வரிசை. போல்ட் ஹெட் 1ம் நம்பர். இதுல 0ல இருந்து 3 வரைக்கும் சைஸ் உண்டு, ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட் முகத்துக்கும் தோட்டாவுக்கும் நடுவுல விடுற இடம், சரி பண்ண அதை மாத்தி போடுவாங்க. மார்க் 1 ஸ்டார்ல போல்ட் ஹெட்டை கழட்டுறதுக்காக தண்டவாளத்துல ஒரு வெட்டு விட்டிருப்பாங்க, அந்த ஓரம் உடைஞ்சிருக்கும் நிறைய துப்பாக்கியில, நகத்தை வச்சு தடவிப் பார்த்தேன், சரியா இருந்துச்சு.

இடது பக்கத்தையும் பார்க்கணும், இதை தனியா சொல்றேன் ஏன்னா இதுல நடந்த அநியாயம் நிறைய. யுத்தத்துல நல்லா குறி விழுற நம்பர் 4களை பொறுக்கி எடுத்து லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்ல ஸ்னைப்பரா மாத்தினாங்க, 26 ஆயிரத்துக்கு மேல. ரிசீவர் இடது பக்கம் ‘T’ எழுத்து, ஸ்கோப் மாட்ட ரெண்டு பேட், பின் கட்டை கழுத்துல அந்த ஸ்கோப்போட நம்பர். லாங் பிராஞ்ச்லயும் கொஞ்சம் செஞ்சாங்க. பின்னாடி ஸ்கோப் தனியா ரைஃபிள் தனியா வித்து, ரைஃபிளை சாதா சர்ப்ளஸ்னு நினைச்சு கட்டையை அறுத்தவங்க இருக்காங்க. ரம்பம் எடுக்கிறதுக்கு முன்னாடி டார்ச் எடுத்து இடது பக்கம் ஒரு தடவை பாருங்க. என்னோடதுல எதுவும் இல்ல.

ரேஞ்சுக்கு கொண்டு போனேன். 100 யார்டு, புது கமர்ஷியல் தோட்டா. முதல் ரெண்டு குண்டு பக்கத்துல பக்கத்துல, மூணாவது மேல, நாலாவது வலப்பக்கம், அஞ்சாவது எங்கயோ. மொத்தம் ஏழு இன்ச் சிதறல். கன்ஸ்மித் கிட்ட ஹெட்ஸ்பேஸ் பார்த்தேன், சரி. பேரல் முனை சரி. அப்போ எனக்கு மனசுல ஓடினது இதுதான்: நம்பர் 4ல முன் கட்டை பேரல் நுனியை கீழ இருந்து சில பவுண்டு அழுத்தத்துல தூக்கிப் பிடிச்சிருக்கும், அப்படித்தான் டிசைன், கட்டையை அறுத்ததும் அந்த தாங்கல் போயிடுச்சு, அதான் குண்டு அலையுது. கேக்கறதுக்கு ரொம்ப பொருத்தமா இருந்துச்சு, கலெக்டர் மனசுக்கும் பிடிச்ச பதில் வேற, ஏன்னா பழையபடி முழு கட்டை போட்டுடலாம்ல.

நடுவுல என் மச்சான் வேற சொன்னாரு, மாமா எதுக்கு இந்த பழைய மரம், பிளாஸ்டிக் ஸ்டாக் போட்டு, ஸ்கோப் மாட்டி, பேரலை பதினாறு இன்ச்சுக்கு அறுத்துட்டா கைக்கு அடக்கமா இருக்கும்னு. நான் வேண்டாம்னு சொன்னதுக்கு ரெண்டு காரணம். பேரலை 457 மில்லிமீட்டருக்கு கீழ அறுத்தா கனடா சட்டப்படி தடை செஞ்ச ஆயுதம் ஆயிடும், பதினாறு இன்ச்னா 406தான், நேரா ஜெயில் விவகாரம். ரெண்டாவது, அறுத்த இரும்பு வளராது. மரத்தை மாத்தலாம், பெயிண்டை சுரண்டலாம், இரும்பை அறுத்தா அறுத்ததுதான்.

அப்புறம் பாகம் விக்கிற ஒரு கடையில பழைய முழு முன் கட்டை, ரெண்டு ஹேண்ட்கார்டு, பேண்டுங்க எல்லாம் வாங்கினேன். வால்நட். வந்த அன்னைக்கு ராத்திரியே மாட்ட உக்காந்தேன். இந்த கட்டை பின்னால முடியுற இடத்துல ரெண்டு தோள் மாதிரி இருக்கும், ட்ராஸ்னு சொல்வாங்க, சுடும்போது வர்ற உதை முழுக்க ரிசீவர்ல இருந்து அந்த ரெண்டு தோள் வழியாதான் மரத்துக்கு இறங்கும். ரெண்டும் ஒரே நேரத்துல, ஒரே அளவுல முட்டணும். என்னோடதுல ஒரு பக்கம்தான் முட்டுச்சு, இன்னொரு பக்கம் பேப்பர் போகுற இடைவெளி. திருகை முடுக்கினா உக்காந்துடும்னு முடுக்கினேன். டிக்னு ஒரு சத்தம். ட்ரிகருக்கு பின்னால மயிரிழையா ஒரு விரிசல் ஓடிடுச்சு. அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை நுழையாதுன்னு பாட்டி சொல்வாங்க. எண்பது வருஷம் உடையாம இருந்த மரம் அது, என் கையில உடைஞ்சுது, அன்னைக்கு தூக்கம் வரல. இன்னொண்ணும் சொல்லிடறேன், நம்பர் 4க்கு முந்தின மாடலான எஸ்எம்எல்இ, இஷாபூர் எல்லாம் வச்சிருக்கவங்க பின் கட்டையை முதல்ல கழட்டக்கூடாது, அதைப் பிடிச்சிருக்கிற நீள திருகோட நுனி சதுரமா முன் கட்டைக்குள்ள மாட்டியிருக்கும், திருப்பினா முன் கட்டை பிளந்துடும். எப்பவும் முன் கட்டை முதல்ல.

ரெண்டாவது கட்டை தேடி கிடைக்க ரெண்டு மாசம். இந்த தடவை விளக்குக் கரியை எண்ணெயில குழைச்சு ரிசீவர் அடியில தடவி, கட்டையை வச்சு எடுத்து, கரி ஒட்டின இடத்தை மட்டும் உளியால சீவி, திரும்ப வச்சு, திரும்ப சீவி, மூணு வாரக் கடைசி போச்சு. கடைசியில ரெண்டு தோளும் ஒரே கருப்பா ஒட்டிச்சு. ரேஞ்சுல மூணு இன்ச். சந்தோஷம் தாங்கல. ஆளிவிதை எண்ணெய் மெல்லிசா கையால தேய்ச்சு ஊற வச்சேன், சாண்ட்பேப்பர் தொடவே இல்ல, சாண்ட்பேப்பர் போட்டா மரத்துல இருக்கிற முத்திரை எல்லாம் அழிஞ்சிடும். பார்க்க அப்படியே 1943ல ஃபேக்டரி வாசல்ல நின்ன மாதிரி ஆயிடுச்சு.

அந்த வசந்தத்துல வேற வேலையா சட்பரி போனப்போ அந்தம்மாவை பார்க்கப் போனேன், ரைஃபிள் போட்டோவை போன்ல காட்டினேன், சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சு. கண்ணாடியை மாட்டிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. நல்லா பண்ணியிருக்கப்பா, ஆனா இது அவரோடது இல்லன்னு சொன்னாங்க. கோபமா எல்லாம் சொல்லல, அந்த கட்டையை அவங்க சமையலறை மேசையிலதான் வச்சு செதுக்கினாராம், கல்யாணம் ஆன முதல் குளிர்காலத்துல, மரத்தூள் மாவு டப்பாவுக்குள்ள எல்லாம் விழுந்துச்சாம்.

திரும்பி வர்ற நாலு மணி நேரமும் அதேதான் மண்டைக்குள்ள. இந்த ரைஃபிள் ராணுவத்துல இருந்தது அதிகபட்சம் பத்து பன்னெண்டு வருஷம், அதுல யார் தூக்கினாங்க எங்க போச்சுன்னு ஒரு துண்டு காகிதம் கூட கிடையாது. அந்த மனுஷன் கையில அம்பது வருஷத்துக்கு மேல இருந்திருக்கு, பதினொரு கோடு இருக்கு, மேசை இருக்கு, சொல்றதுக்கு ஒரு ஆள் உயிரோட இருக்காங்க. அதை எடுத்து ஓரமா வச்சுட்டு, வேற ஏதோ ரைஃபிள்ல இருந்து வந்த கட்டையை மாட்டி ஒரிஜினல் ஆயிடுச்சுன்னு நான் சொல்லிட்டு இருந்தேன். சீரியல் நம்பர் குத்தியிருந்தா கட்டையோட நுனியிலதான் இருந்திருக்கும், அந்த நுனி எப்பவோ அடுப்புல போயிருக்கும், அப்போ நான் போட்ட கட்டை எந்த விதத்துலயும் இதோட கட்டை இல்ல.

துணியில சுத்தி வச்சிருந்த அந்த அறுத்த கட்டையை எடுத்து முதல் தடவையா ஒழுங்கா பார்த்தேன். ட்ராஸ் ரெண்டு தோளும் கருப்பா, அம்பது வருஷ துப்பாக்கி எண்ணெய் இறங்கி, மெத்துன்னு ஆகியிருந்துச்சு, நகம் பதிஞ்சுது. ரிசீவர்ல வச்சா விசிட்டிங் கார்டு ஒண்ணு தாராளமா போகுற சந்து. ஒவ்வொரு குண்டுக்கும் முழு துப்பாக்கியும் கட்டைக்குள்ள முன்ன பின்ன நகர்ந்திருக்கு. அறுத்ததுனால குறி போகல, தோள் தேய்ஞ்சதுனால போயிருக்கு. முழு கட்டை போட்டதும் மூணு இன்ச்சுக்கு வந்தது அந்த நுனி தாங்கலால இல்ல, புதுசா பொருத்தின தோளாலதான். ஒரே நேரத்துல ரெண்டு விஷயத்தை மாத்திட்டு, எனக்குப் பிடிச்ச விஷயத்துக்கு பேர் கொடுத்துட்டேன்.

மெத்துன்னு இருந்த மரத்தை சதுரமா எடுத்துட்டு, எண்ணெயை அசிட்டோனால இழுத்து, மேப்பிள் துண்டு ரெண்டு வெட்டி, நார் ஓட்டம் உதை வர்ற திசைக்கு நேரா இருக்கிற மாதிரி வச்சு எபாக்சி போட்டு ஒட்டினேன். மறுபடியும் விளக்குக் கரி, உளி. வெளியில இருந்து பார்த்தா எதுவும் தெரியாது, அவர் செதுக்கின மேற்பரப்புல என் கை படல. ரேஞ்சுல மூணேகால் இன்ச். அஞ்சு அஞ்சா மூணு தடவை சுட்டேன், பேரல் சூடானப்புறமும் அலையல.

அதனால அறுத்த கட்டையே திரும்ப ஏறிடுச்சு. ரெண்டு கட்டையையும் வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி போடலாமேன்னு ஒருத்தர் கேட்டாரு. கழட்டி மாட்டக் கழட்டி மாட்ட தோள் தேயும், அதனால ஒண்ணை முடிவு பண்ணி விட்டுடறதுதான் சரி. அந்த முழு செட் மரத்தை, யார் அறுத்தாங்கன்னே தெரியாத, கன் ஷோல வாங்கின இன்னொரு லாங் பிராஞ்ச் ஸ்போர்ட்டர் வச்சிருந்த நண்பருக்கு கொடுத்துட்டேன், அதுக்கு அது போகட்டும், அங்க இழக்க எதுவும் இல்ல.

இதை வச்சு நான் எல்லாரையும் வெட்டச் சொல்றேன்னு யாரும் எடுத்துக்க வேண்டாம். போன வருஷம் ரேஞ்சுக்கு ஒரு தம்பி முழுசா இருக்கிற ஒரு நம்பர் 4 கொண்டு வந்தாரு, 1944, முன் கட்டை நுனி நம்பர் முதற்கொண்டு எல்லாம் மேட்சிங், கன்ஸ்மித் கிட்ட கொடுத்து ட்ரில் பண்ணி ஸ்கோப் வைக்கப் போறேன்னாரு. கையை பிடிச்சுட்டேன் தம்பி வேண்டாம்னு. அம்பதுகள்ல அறுத்ததுக்கு காரணம் இருந்துச்சு, அது மலிவு, வேற வழி இல்ல. இன்னைக்கு ஸ்கோப் வேணும்னா அந்த வேலைக்குன்னே செஞ்ச வேட்டை ரைஃபிள் கடையில கிடைக்குது, முழுசா இருக்கிற நம்பர் 4ஓ நாளுக்கு நாள் குறையுது. கடைசியில பின் சைட்டை கழட்டிட்டு அதே ஆணி துளையில மாட்டுற மவுண்ட் ஒண்ணு வாங்கிக்கிட்டாரு, துளை போட வேண்டாம், கழட்டின சைட்டை பெட்டியில போட்டு பேர் எழுதி வச்சிருக்காரு. வடக்குல கனடியன் ரேஞ்சர்ஸ்னு ராணுவத்தோட ரிசர்வ் ஆளுங்க 1947ல இருந்து 2018ல புது சி19 ரைஃபிள் வர்ற வரைக்கும் இதே நம்பர் 4ஐத்தான் பனியில தூக்கிட்டு நடந்தாங்க, ஸ்கோப் இல்லாம, இரும்பு சைட்டோட. அதைச் சொன்னப்புறம்தான் அந்த தம்பி கொஞ்சம் யோசிச்சாரு.

பழைய ராணுவ தோட்டா சுடுறவங்களுக்கு ஒண்ணு. அந்தம்மா கொடுத்த டப்பாவுல பழைய .303 கொஞ்சம் இருந்துச்சு. அந்த காலத்து ப்ரைமர் (தோட்டா அடியில இருக்கிற பொறி மருந்து) வெடிச்சா பேரல்ல உப்பு படியும், எண்ணெய் அதை கரைக்காது, தண்ணிதான் கரைக்கும். கொதிக்கிற தண்ணியை புனல் வச்சு தோட்டா உக்கார்ற சேம்பர் பக்கம் இருந்து ஊத்தி, இரும்பு சுட்டு அதுவாவே காயறப்போ சிந்தி போட்டு இழுத்து அப்புறம் எண்ணெய். ராத்திரி சோம்பல்ல விட்டா காலையில துரு பூத்திருக்கும்.

அந்தம்மாவோட பேரனுக்கு இந்த வருஷம் லைசென்ஸ் வந்திருக்கு, அக்டோபர்ல வேட்டைக்கு தாத்தா துப்பாக்கியை கேட்டிருக்கான், நானும் கூட போறேன். 150 கிரெயின் தோட்டாவுக்கும் 180க்கும் குறி எவ்வளவு மாறுதுன்னு அதுக்குள்ள பார்த்து எழுதிக் கொடுக்கணும், வேட்டை முடிஞ்சு வந்ததும் ஒரு தடவை கட்டையை இறக்கி அந்த மேப்பிள் துண்டுல எண்ணெய் இறங்கியிருக்கான்னு பார்க்கணும்.